காகம் என் தலையில் மட்டும் ஏன் அடிக்கிறது?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். பத்து நாளாக மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால் ஒரு காகம் பின்னாலிருந்து வந்து உங்கள் தலையில் அடிக்கிறது. உங்கள் கணவர் போனாலும், மாமியார் வற்றல் காயவைக்கப் போனாலும் அது ஒன்றும் செய்வதில்லை; கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. இது தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால், மாடிப்படியில் கிடந்த ஒரு காக்கைக் குஞ்சைப் பூனை பிடித்துவிடுமே என்று துண்டால் மூடி எடுத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் விட்டிருக்கிறீர்கள். காகம் தலையில் தட்டினால் சனி தோஷம், பித்ருக்களுக்கு ஏதோ குறை வைத்திருக்கிறோம் என்கிறார் மாமியார். 'காகத்துக்கு ஆள் அடையாளம் தெரியுமா?' என்பதுதான் நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் படித்தபோது எனக்குக் கேட்டது வேறு: நல்லது செய்யப்போய் நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா, இந்தக் கோபம் எப்போது தீரும்? இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் இருபத்தாறு ஆண்டு பள்ளியில் விலங்கியல் கற்பித்தவள். குடியிருப்பின் வேப்ப மரத்திலும் வாகை மரத்திலும் காகங்கள் கூடு கட்டுவதை ஒவ்வொரு கோடையிலும் குறிப்பேட்டில் எழுதி வந்திருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் பறவையின் மூளையை ஆராய்ந்தவள் இல்லை. அதனால் மற்றவர்கள் சோதித்து நிறுவியது எது, நான் மரத்தடியில் நின்று பார்த்தது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்கலாம். உங்களை அடிப்பது சாம்பல் கழுத்துள்ள வீட்டுக் காகம் என்றே எடுத்துக்கொள்கிறேன். உடம்பு முழுக்கக் கறுப்பாக, தடித்த அலகோடு இருப்பது அண்டங்காக்கை. அதுவும் கூட்டைக் காக்கும், ஆனால் நெருக்கமான தெருக்களில் அதிகம் இருப்பது சாம்பல் கழுத்துக்காரர்தான். கோடையில் இவை கூடு கட்டும். நான்கைந்து முட்டை, பதினாறு பதினேழு நாள் அடை, பிறகு மூன்று நான்கு வாரம் கூட்டில் குஞ்சு. அதற்கப்புறம் வரும் சில நாட்கள்தான் சிக்கலானவை. குஞ்சு கூட்டை விட்டு இறங்கிவிடும், ஆனால் பறக்கத் தெரியாது. சுவரிலும் படியிலும் தத்தித் தத்தி உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது 'விழுந்து கிடக்கும்' குஞ்சு. உண்மையில் பெற்றோர் இருவரும் பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு அதற்கு இரை ஊட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்த நேரத்தில் நீங்கள் வந்து துண்டைப் போட்டு மூடி அதைத் தூக்கினீர்கள். பூனையிடமிருந்து காப்பாற்றுகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் தெரிந்ததெல்லாம், பெரிய உயிர் ஒன்று தன் குஞ்சைப் போர்த்திப் பிடித்தது என்பதுதான். குஞ்சு கத்தியும் இருக்கும். நீங்கள் செய்தது தப்பில்லை. பூனை நிஜமாகவே பக்கத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்வேன். இனி இப்படி நேர்ந்தால் எடுத்து உயரமான இடத்தில் வைத்துவிட்டு உடனே விலகி வந்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி மேல் விட்டது சரியான இடம்தான். நாம் தொட்டால் தாய்க் காகம் குஞ்சைச் சேர்க்காது என்று ஒரு பேச்சு உண்டு. நான் கையால் எடுத்து மரக்கிளையில் வைத்த குஞ்சுகளுக்கு, நான் இறங்கிப் போன கொஞ்ச நேரத்திலேயே இரை வந்திருக்கிறது.

சரி, ஆள் அடையாளம். காக்கைக் குடும்பத்துக்கு மனித முகம் தெரியும் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் மார்ஸ்லஃப் 2006-இல் தொடங்கிய சோதனை அது. அவரும் மாணவர்களும் ஒரு குகை மனிதன் முகமூடியை மாட்டிக்கொண்டு வளாகத்தில் ஏழு காகங்களைப் பிடித்து, காலில் வளையம் போட்டு விட்டுவிட்டார்கள். அடிக்கவில்லை, காயப்படுத்தவில்லை, பிடித்து விட்டதுதான். அப்புறம் அதே முகமூடியோடு வளாகத்தில் சும்மா நடந்தார்கள். காகங்கள் கூடிக் கத்தித் துரத்தின. அப்போது அந்த நாட்டின் துணை அதிபராக இருந்த டிக் செனியின் முகமூடியை மாட்டிக்கொண்டு போனபோது பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. முகமூடிக்குள் இருப்பவர் யாராக இருந்தாலும், ஆணோ பெண்ணோ, குட்டையோ நெட்டையோ, குகை மனிதன் முகம் தெரிந்தால் வசவுதான். ஆக அவை நினைவில் வைத்திருந்தது உடையையோ நடையையோ காட்டிலும் முகத்தைத்தான்.

அந்தச் சோதனையில் என்னை மிகவும் உலுக்கியது அடுத்து நடந்தது. ஆண்டுகள் போகப்போகக் கத்துகிற காகங்களின் எண்ணிக்கை கூடியது. பிடிபட்டவை ஏழே ஏழு. பிடிபடாதவையும் கத்தின, அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பிறந்தவையும் கத்தின. பெற்றோர் கத்துவதைப் பார்த்துக் குஞ்சுகள் 'இந்த முகம் ஆகாது' என்று கற்றுக்கொண்டிருந்தன. ஏழாவது ஆண்டு வாக்கில், வழியில் எதிர்ப்பட்ட காகங்களில் ஏறக்குறைய பாதி அந்த முகத்தைப் பார்த்துக் கத்தின. பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, பதினேழு ஆண்டு கழித்து 2023-இல்தான் ஒரு காகம்கூடக் கத்தாமல் அந்த முகமூடி வளாகத்தைச் சுற்றி வந்தது.

இதைப் படித்து நீங்கள் பயந்துவிடக் கூடாது. அதே குழுவினர் 2012-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் ஒரு முகமூடி போட்டவர்கள் காகங்களைப் பிடித்தார்கள்; வேறொரு முகமூடி போட்டவர்கள் சில வாரம் அவற்றுக்கு உணவு வைத்துப் பராமரித்தார்கள். பிறகு அந்த முகங்களைக் காட்டி மூளையைப் படமெடுத்தபோது, பிடித்தவன் முகத்துக்கு அச்சத்தோடு தொடர்புடைய பகுதிகளும், சோறு போட்டவன் முகத்துக்கு வேறு பகுதிகளும் வேலை செய்தன. ஆகாத முகத்தை வைத்திருக்கும் தலையிலேயே ஆதரவான முகத்துக்கும் இடம் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான்.

இப்போது ஐயத்துக்குரிய பகுதி. மேலே சொன்னவை அமெரிக்கக் காகங்கள். நம் வீட்டுக் காகம் வேறு இனம். ஒரே பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவுகள் என்பதால் இதற்கும் அந்தத் திறமை இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் எதிர்பார்ப்பும் நிரூபணமும் ஒன்றாகாது. என் குறிப்பேட்டில் இருப்பதைச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்புக் காவலாளி ஒவ்வொரு கோடையிலும் மின்கம்பிக்குப் பக்கத்தில் உள்ள கூடுகளைத் துரட்டியால் கலைப்பார். காகங்கள் கம்பித் துண்டுகளைக் கொண்டுவந்து கூட்டில் செருகும், அதனால் மின்சாரம் நின்றுபோகும். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் வெள்ளை வேட்டியில் துரட்டி இல்லாமல் கோயிலுக்குக் கிளம்பினாலும் வேப்ப மரத்துக் காகங்கள் தெருமுனை வரை கத்திக்கொண்டே போகும். அதே நேரத்தில் அதே வழியாக நடக்கும் என்னை ஏறெடுத்தும் பார்க்காது. நான் பல வருடம் இதை முகத்துக்குக் கிடைத்த மரியாதை என்றே எழுதி வைத்தேன். பிறகுதான் உறைத்தது: அவர் ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பவர். காகம் பார்த்தது முகத்தையா நடையையா? என் குறிப்பை வைத்து அதைப் பிரிக்க முடியாது. ஆள் தெரிகிறது என்பது வரைக்கும் நிச்சயம். எதை வைத்துத் தெரிகிறது என்பது சியாட்டிலில் தெளிவு, நம் தெருவில் ஊகம்.

நீங்களே இதைச் சோதிக்கலாம். ஒரு நாள் உங்கள் புடவையை மாமியார் கட்டிக்கொண்டு போகட்டும், சம்மதித்தால். மறுநாள் நீங்கள் முகம் மறைய முக்காடு போட்டுக்கொண்டு போங்கள். யாரிடம் வருகிறது என்று பாருங்கள். ஓரிரு நாளை வைத்து முடிவு கட்ட வேண்டாம், நாலைந்து தடவையாவது செய்ய வேண்டும்.

இந்தப் பறவைக்கு நம்மை ஆள் ஆளாகத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை என்ன என்றும் யோசியுங்கள். வீட்டுக் காகத்தை நடுக்காட்டில் பார்க்க முடியாது. ஊர் இருக்கும் இடத்தில்தான் அது இருக்கும். நம் குப்பை, நம் சோறு, நம் மரம், நம் கம்பி. 1890-களில் இலங்கையிலிருந்து மலேயாவின் கிள்ளான் பகுதிக்கு இவற்றைக் கொண்டுபோனார்கள், காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்னட்டும் என்று. காப்பித் தோட்டங்கள் போய்விட்டன, காகங்கள் பெருகிவிட்டன. 1940-களின் இறுதியில் சிங்கப்பூரில் தென்பட்டு, பின்னாளில் சுட்டுக் குறைக்கும் அளவுக்குப் போனது. குப்பையைத் தின்னட்டும் என்று ஆப்பிரிக்காவை ஒட்டிய சான்சிபார் தீவுக்குக் கொண்டுபோனவற்றின் கதையும் அதேதான். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையெங்கும் பரவி, 2024-இல் கென்ய அரசு பத்து லட்சம் காகங்களை ஒழிக்கத் திட்டம் அறிவித்தது. அங்கே அது உள்ளூர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கும் அந்நியன் என்பதால் அந்த நாட்டாரின் வருத்தத்தில் நியாயம் உண்டு. நான் சொல்ல வந்தது, மனிதன் போகும் இடமெல்லாம் பிழைக்கிற இந்தப் பறவைக்கு எந்த மனிதன் கல்லெறிவான், எந்த மனிதன் பருக்கை போடுவான் என்று தெரியாவிட்டால் வாழ்வே இல்லை என்பதை. மழை வருமா என்று உழவர் வானத்தைப் பார்ப்பதுபோல அது நம் முகத்தைப் பார்க்கிறது.

இவ்வளவு கூர்மையான பறவை ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறுவதையும் சொல்லிவிடுகிறேன். குயில் அதன் கூட்டில் முட்டையிடும். குயில் முட்டை பன்னிரண்டு பதினான்கு நாளில் பொரிந்து, காகத்தின் சொந்தக் குஞ்சுக்கு முன்பே வாயைத் திறந்துகொண்டு நிற்கும். காகம் அதற்கும் ஊட்டும். தெருவில் முப்பது பேரில் உங்களைப் பிரித்தறிகிற பறவைக்குத் தன் கூட்டில் உள்ள அந்நியக் குஞ்சு தெரிவதில்லை. வருடா வருடம் பார்த்தும் எனக்கு இந்த வியப்பு அடங்கவில்லை. உங்கள் படியில் இருந்தது காக்கைக் குஞ்சுதானா, குயில் குஞ்சா என்று இப்போது கண்டுபிடிக்க வழியில்லை. எதுவாக இருந்தாலும் அடி ஒன்றுதான்.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். பித்ருக்கள் விஷயம் என் பாடத்துக்கு வெளியே இருக்கிறது. அது அவருடைய நம்பிக்கை, அதை அறிவியலால் மறுக்கப் போவதும் இல்லை, நிறுவப் போவதும் இல்லை. காகம் தலையில் அடித்ததற்குக் காரணம் மட்டும் படியில் இருந்த குஞ்சு என்று திட்டமாகச் சொல்வேன். வீட்டில் யாருடைய ஆயுளுக்கும் அதனால் கெடுதல் வராது. அவருடைய மனம் ஆற வேண்டுமானால், காகம் நமக்கு நல்லதைச் சொல்லும் பறவையாகவும் இரண்டாயிரம் ஆண்டாக இருந்து வருகிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். குறுந்தொகையின் 210-ஆம் பாட்டில், தலைவன் திரும்பி வந்ததற்குக் காரணம் நான் இல்லை, விருந்து வரும் என்று கரைந்த காக்கைக்கே அந்தப் பலிச்சோறு உரியது என்கிறாள் தோழி. அதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நின்றுவிட்டது. அந்தப் பாட்டுக்காகவே நான் காகங்களுக்குக் கடன்பட்டிருப்பதாக நினைப்பதுண்டு.

அமாவாசையில் காகம் சோறு எடுக்காவிட்டால் வீட்டில் வரும் கலக்கத்துக்கும் ஒரு வார்த்தை. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் தெரு முழுக்க எல்லா வீட்டிலும் இலை போடுகிறார்கள். காலை பதினொரு மணிக்குள் தெருக் காகங்களுக்கு வயிறு நிறைந்துவிடும். நாம் வடை பாயசத்தோடு பன்னிரண்டரைக்கு 'கா கா' என்று கூப்பிட்டால் அது எங்கோ நிழலில் உட்கார்ந்திருக்கும். தினமும் வைக்கிற இடத்தை மாற்றினாலும், புதுப் பாத்திரத்தில் வைத்தாலும், வழக்கமாக வைப்பவர் ஊரில் இல்லாமல் வேறொருவர் வைத்தாலும் தயங்கும். இதெல்லாம் நான் பல வீட்டுச் சுவர்களில் பார்த்தது.

காகம் கூப்பிட்டுப் பகிர்ந்துண்ணும் என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். காக்கை கரவாது கரைந்து உண்ணும் என்று வள்ளுவர் சொன்னது கண்ணால் பார்த்த உண்மை. உணவைக் கண்டதும் அது கரைகிறது, மற்றவை வருகின்றன. ஆனால் அதே காகம் வடைத் துண்டை ஓட்டுச் சந்திலும் பூந்தொட்டி மண்ணிலும் ஒளித்து வைப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூப்பிடுவது ஈகைக்காகவா, கூட்டம் இருந்தால் ஆபத்துக் குறைவு என்பதற்காகவா என்பதில் இன்னும் விவாதம் உண்டு. அண்டங்காக்கையைவிடப் பெரிய, குளிர்நாட்டு ரேவன் காக்கைகளை அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பெர்ண்ட் ஹைன்ரிக் என்பவர் பனியில் உட்கார்ந்து ஆராய்ந்தார். செத்த விலங்கை ஒரு சோடி சொந்தம் கொண்டாடி மற்றவற்றை விரட்டும்போது, இளம் காக்கைகள் கத்திக் கூட்டம் சேர்த்துக்கொண்டு வந்து தங்கள் பங்கைப் பெற்றன என்று கண்டார். நம் காகத்தின் அழைப்பிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கலாம். எனக்கு அதனால் மதிப்புக் குறையவில்லை.

இனி என்ன செய்வது. குஞ்சு நன்றாகப் பறக்கத் தொடங்கிவிட்டால் தலையில் அடிப்பது தானாக ஓயும். உங்கள் கணக்குப்படி இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதுவரை மாடிக்குப் போகும்போது குடையை விரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது அகலத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். காகம் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும். அதை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பாதியில் விலகிவிடும். கை வீசாதீர்கள், கல் எடுக்காதீர்கள், கூட்டைக் கலைக்க ஆள் விடாதீர்கள். ஒரு கல் இன்னொரு வருடத்துப் பகையாகிவிடும். பழைய வனவிலங்குச் சட்டம் காகத்தைத் தீங்குயிர்ப் பட்டியலில் எலியோடு சேர்த்து வைத்திருந்தது. 2022-இல் செய்த திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். கூட்டில் கம்பி இருந்து மின்கம்பத்தோடு உரசினால் மின்வாரியத்தில் சொல்லுங்கள், அதில் நாமே கை வைக்கக் கூடாது.

நகம் பட்டுத் தோல் கிழிந்திருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகளிடமிருந்து வருவது, காகத்தால் வராது. அந்தப் பயம் வேண்டாம். காகங்கள் செத்து விழுந்து கிடந்தால் மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள். 2020-இன் இறுதியிலும் 2021-இன் தொடக்கத்திலும் ராஜஸ்தானின் ஜாலாவாரிலும் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரிலும் காகங்கள் கொத்தாகச் செத்தபோது பறவைக் காய்ச்சல் என்று தெரியவந்தது. அப்படிக் கண்டால் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் கொடுங்கள்.

கோபம் தீருமா என்ற கேள்விக்கு: நாளையிலிருந்து சோற்றை நீங்களே வையுங்கள். இதுவரை மாமியார்தான் வைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், கேட்டால் விட்டுக்கொடுப்பார். ஒரு கைப்பிடி போதும், அதற்கு மேல் வேண்டாம். மீந்தால் எலி வரும். துணிக்கொடிக்கு எதிர்ப்பக்கச் சுவரில், தினமும் ஒரே நேரத்தில், முகத்தை மறைக்காமல் வைத்துவிட்டுப் படிக்கு வந்து நில்லுங்கள். நின்று பார்க்காதீர்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் பார்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் உங்களைப் பார்க்க வேண்டும். முதல் சில நாள் நீங்கள் உள்ளே போன பிறகே வரும்.

எங்கள் காவலாளி பணி ஓய்வு பெற்ற பிறகு அதே தெருவில் வாடகைக்குக் குடியிருந்தார். சாப்பிட்ட பிறகு மீந்த பருக்கையை வாசல் திண்ணையில் வைப்பார். முதல் கோடை முழுக்கக் காகங்கள் அவரைப் பார்த்துக் கத்தின, சோற்றையும் எடுத்தன. இரண்டாவது கோடையில் கத்தல் ஒன்றிரண்டோடு நின்றது. மூன்றாவது கோடையில் அவர் காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தால் ஒரு காகம் திண்ணை ஓரத்தில் முன்பே வந்து உட்கார்ந்திருக்கும். பழைய காகங்கள்தான் மனம் மாறினவா, அவை போய்ப் புதியவை வந்தனவா, காலில் வளையம் இல்லாத பறவைகளை வைத்து நான் சொல்ல முடியாது. அந்தத் தேதிகள் குறிப்பேட்டில் இருக்கின்றன. உங்கள் காகம் எத்தனை நாளில் உங்கள் கண்முன் வந்து சோறெடுத்தது என்று ஆடி பிறந்ததும் ஒரு வரி எழுதுங்கள், அதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.